பெல்ஃபாஸ்ட் உடன்பாடு: ஓய்ந்த துப்பாக்கிகளும் ஓங்கி நிற்கும் சுவர்களும்

வடக்கு அயர்லாந்தின் மோதலை இரு மதத்தாரின் தீராப் பகை என்று எழுதுவது முதலாளித்துவ ஏடுகளின் நெடுநாள் வழக்கம். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அங்கே வேதத்தின் பொருட்டு மோதிக்கொள்ளவில்லை. 1921-ல் அயர்லாந்தைத் துண்டாடிய பிரிட்டன், வடகிழக்கில் ஆறு மாவட்டங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை நிலைத்திருக்கும் வகையில் அளந்து வரையப்பட்ட எல்லை அது. நாடு துண்டாடப்பட்டால் இருபுறமும் பிற்போக்கே கொழிக்கும் என்று ஜேம்ஸ் கானலி 1914-லேயே எச்சரித்திருந்தார். அவ்வாறே ஆயிற்று. வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் உள்ளாட்சி வாக்குரிமையிலும் பாகுபாடு வேரூன்றியது. டெர்ரி நகரில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். எனினும் வார்டு எல்லைகளை வளைத்து வரைந்ததன் மூலம் நகராட்சி பிரிட்டன் ஆதரவாளர்களான யூனியனிஸ்டுகளின் கையிலேயே இருந்தது.

1968-ல் சம உரிமை கேட்டு ஊர்வலம் சென்றோருக்குத் தடியடி கிடைத்தது. 1972 ஜனவரி 30 அன்று அதே டெர்ரியில் நிராயுதபாணிகள் 13 பேரை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டோர் குற்றமற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ள பிரிட்டிஷ் அரசுக்கு 38 ஆண்டுகள் தேவைப்பட்டன. மறுபுறம், அயர்லாந்து குடியரசுப் படையின் குண்டுகள் புராட்டஸ்டண்ட் தொழிலாளியை யூனியனிஸ்ட் முதலாளியின் பக்கமே மேலும் நெருக்கித் தள்ளின. அப்போது ஏறத்தாழ பதினைந்து லட்சம் பேர் வாழ்ந்த அச்சிறு நிலப்பகுதியை மையமாகக் கொண்ட மோதலில் முப்பதாண்டுகளில் மாண்டோர் 3,500-க்கும் மேல்.

இந்நிலையில் பேச்சுவார்த்தை எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1994 ஆகஸ்டில் குடியரசுப் படை போர்நிறுத்தம் அறிவித்தது. ஆனால், ஆயுதங்களை முதலில் ஒப்படைக்கத் தொடங்கினால்தான் அதன் அரசியல் அணியான சின் ஃபெய்னுடன் பேச்சு என்று ஜான் மேஜர் அரசு பிடிவாதம் பிடித்தது. மக்களவையில் மெலிந்த பெரும்பான்மையோடு தள்ளாடிய அந்த அரசுக்கு யூனியனிஸ்ட் உறுப்பினர்களின் தயவு தேவையாக இருந்ததை மறந்துவிடக் கூடாது. பேச்சு நடக்கும்போதே ஆயுதக் களைவும் நடக்கலாம் என்று 1996 ஜனவரியில் ஜார்ஜ் மிட்செல் குழு பரிந்துரைத்தது. மேஜர் அதை ஓரங்கட்டித் தேர்தல் ஒன்றை முன்வைத்தார். அடுத்த மாதமே லண்டன் துறைமுக வட்டாரத்தில் குண்டு வெடித்து இருவர் உயிரிழந்தனர். அக்குண்டை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் பதினேழு மாத அமைதியை வீணடித்ததில் லண்டனுக்குப் பங்கில்லை என்று சொல்லவும் இயலாது. சரணடைந்தவனிடம் நிபந்தனை விதிப்பதற்குப் பேச்சுவார்த்தை என்றா பெயர்?

1997-ல் ஆட்சி மாறியது, போர்நிறுத்தம் புதுப்பிக்கப்பட்டது, ஒரு துப்பாக்கியைக்கூட ஒப்படைக்காமலே சின் ஃபெய்ன் செப்டம்பரில் பேச்சு மேசைக்கு வந்தது. 1998 ஜனவரியில் யூனியனிஸ்ட் ஆயுதக் குழுக்களின் ஆதரவு தளர்ந்தபோது அமைச்சர் மோ மௌலம் மேஸ் சிறைக்கே சென்று அவர்களின் கைதிகளிடம் பேசினார். லண்டன் ஏடுகள் கொதித்தன. ஆனால் பேச்சு தொடர்ந்தது. ஏப்ரல் 10 அன்று உடன்பாடு கையெழுத்தாயிற்று. மே மாத வாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதத்தினரும் தெற்கில் 94 சதவீதத்தினரும் அதை ஏற்றனர். எதிர்காலத்தில் எந்நாட்டோடு இருப்பது என்பதை அங்குள்ள பெரும்பான்மையே முடிவு செய்யும், வடக்கின் மீதான உரிமைகோரலைத் தெற்கு தன் அரசியல் சாசனத்திலிருந்து நீக்கும், போர்நிறுத்தத்தைக் கடைப்பிடிக்கும் அமைப்புகளின் கைதிகள் இரண்டாண்டுகளில் விடுதலையாவர், காவல்துறை மாற்றியமைக்கப்படும். குடியரசுப் படையின் ஆயுதங்கள் முழுமையாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது 2005-ல்தான், அதாவது உடன்பாட்டுக்கு ஏழாண்டுகள் கழித்து.

இச்சாதனை சிறிதல்ல. எனினும் உடன்பாட்டின் உள்ளேயே ஒரு கோளாறு இருக்கிறது. பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொருவரும் தம்மை யூனியனிஸ்ட், தேசியவாதி, பிறர் என்று பதிந்துகொள்ள வேண்டும். முக்கிய முடிவுகளுக்கு முதலிரு பிரிவுகளின் ஆதரவும் தேவை. இரண்டிலும் சேராதவரின் வாக்குக்கு அங்கே மதிப்புக் குறைவு. இப்படிப் பிளவையே ஆட்சிமுறையின் அடித்தளமாக்கியதால், பெரிய கட்சி ஒன்று வெளியேறினால் அரசே முடங்கிவிடுகிறது. பெல்ஃபாஸ்டின் தொழிலாளர் குடியிருப்புகளைப் பிரிக்கும் ‘அமைதிச் சுவர்கள்’ இன்றும் நிற்கின்றன. இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பயில்வதற்கென அமைந்த பள்ளிகளில் படிப்போர் மாணவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சுவரைத் தாண்டிய வரலாறும் அங்கே உண்டு. 1932 அக்டோபரில் நிவாரணப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கத்தோலிக்க ஃபால்ஸ் சாலையும் புராட்டஸ்டண்ட் ஷாங்கில் சாலையும் ஒன்றாகத் திரண்டன. முன்னின்றவர்களில் கம்யூனிஸ்டுகள் இருந்தனர். எந்தத் தரப்பின் பாட்டாகவும் இருக்கக் கூடாது என்பதற்காக, வாழைப்பழம் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டையே வாத்தியக் குழுக்கள் இசைத்தன என்பர். காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். அரசு பணிந்து நிவாரணத் தொகையை உயர்த்தியது. 2024 ஜனவரி 18 அன்று, இரண்டாண்டுகளாகப் பேரவை முடங்கிக் கிடக்க, ஊதிய உயர்வுக்கான பணத்தை லண்டன் பணயமாக வைத்திருந்த நிலையில், செவிலியர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர் என ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பொதுத்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களின் தொழிற்சங்கங்களில் கத்தோலிக்கரும் உண்டு, புராட்டஸ்டண்டுகளும் உண்டு. பதினாறு நாட்களில் பேரவை மீண்டும் கூடியது.