'தேய்மானம்'னு சொன்னதும் நடையை நிறுத்திட்டீங்களா?

"முட்டி தேய்ஞ்சு போச்சாம். இனி நடந்தா இன்னும் தேயும்டி."

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த அன்று எங்கள் அம்மாச்சி எடுத்த முடிவு இது. டாக்டர் 'தேய்மானம்' என்று மட்டும்தான் சொன்னார். நடக்கக் கூடாது என்று சொல்லவே இல்லை. மறுநாளிலிருந்து ரேஷன் கடை, வெள்ளிக்கிழமை கோயில் எல்லாம் நின்றுபோனது. ஆறே மாதத்தில், நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. வலியாவது குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

அந்த வார்த்தைதான் பலரையும் பயமுறுத்திவிடுகிறது. தேய்மானம் என்றதும் வண்டி டயர்தான் நம் ஞாபகத்துக்கு வரும். ஓட்ட ஓட்டத் தேயும், நிறுத்திவைத்தால் மிஞ்சும். முட்டி அப்படியல்ல. எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. நடக்கும்போது ஸ்பாஞ்ச் மாதிரி அது அழுந்தி விரிவதால்தான் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. இன்னொன்று, முட்டியைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசை. உட்கார்ந்தே இருந்தால் அது மெலியும். அது மெலிந்தால் முழு பாரமும் மூட்டுக்குப் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க சுமார் 52.8 கோடி பேருக்கு இந்த மூட்டுத் தேய்மானம் (ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்) இருந்தது. அதில் 60 சதவிகிதம் பெண்கள். அதிகம் பாதிக்கப்படுவது முட்டிதான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிமையான பயிற்சி இது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். பழகியதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். லேசாக வலித்தால் பயம் வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்!

எடை கூடுதலாக இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். குத்தவைத்து உட்காரும்போது வலித்தால் வெஸ்டர்ன் டாய்லெட், துடைக்க நீளக் குச்சி மாப் என்று மாறிக்கொள்ளுங்கள். அதில் வீராப்பு வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் "முட்டி வலிக்கு ஏதாவது கொடுங்கண்ணே" என்று மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதுதான் உண்மையிலேயே ஆபத்து. வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் அந்த வழியாக வரலாம். பூசும் ஜெல்லை முதலில் முயன்று பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விளம்பரங்களில் வரும் குளுக்கோசமைன் மாத்திரையை, பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஷூ வாங்கலாம்.

முட்டி சிவந்து, சூடாக வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், அல்லது கால் ஊன்றவே முடியாவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் விரல் மூட்டுகளும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

அம்மாச்சிக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயங்கள் எனக்கும் புதிது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். "தடி ஊன்றினா கிழவின்னு சொல்வாங்களே" என்று ரெண்டு வாரம் அடம்பிடித்தவர், இப்போது வெள்ளிக்கிழமைகளில் அதை இடது கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார். வயது 74.