புது டாக்டர், பழைய கதை

உங்க ஊர் அரசாங்க கிளினிக்லயாவது போன தடவை பார்த்த டாக்டரை இந்தத் தடவையும் பார்க்க முடியுதா? பத்தாங் காலியில் எங்கம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லீங்க.

அம்மாவுக்கு இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, கால் கட்டைவிரலில் ஆறவே மாட்டேங்கிற ஒரு புண். ஒரு வெள்ளி கட்டி நம்பர் எடுத்து, பாதி நாள் உட்கார்ந்து உள்ளே போனா, புதுசா ஒரு முகம். குறை சொல்ல முடியாது, தங்கமான பிள்ளைங்க. "ஆன்ட்டி, சாக்கிட் ஆப்பா?", உடம்புக்கு என்னன்னு பணிவாத்தான் கேட்குதுங்க. கேட்டதும் அம்மா பால்மரம் சீவின காலத்திலிருந்து ஆரம்பிப்பாங்க. டாக்டரம்மா ஃபைலைப் புரட்டுவாங்க. முன்னாடி பார்த்தவர் கிறுக்கினது இவங்களுக்குப் புரியாது. கதை புண்ணுக்கு வந்து சேர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும். அதே மாத்திரை, அதே டிரெஸ்ஸிங். வெளியே வந்து, "முன்னே பார்த்த அந்த டாக்டர் எங்கே?"ன்னு மிஸ்ஸியைக் கேட்டா, "டா பிண்டா, ஆன்ட்டி." மாறிப் போயாச்சாம். சரிதான்!

தோட்டத்தில் இருந்தப்போ எங்களுக்கு டாக்டர், கம்பவுண்டர் எல்லாமே டிரெசர்தான். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனா அவருக்கும் முறையான பதிவு உண்டு. தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்குன்னே 1965-ல் சட்டம் போட்டிருக்காங்க. எந்த லயத்தில் யாருக்கு ஆஸ்துமா, யார் வீட்டுப் பிள்ளைக்கு வலிப்புன்னு அவருக்கு மனப்பாடம். எம்சி கேட்டா மட்டும் காது கேட்காது, அது வேற விஷயம். தோட்டங்களை வித்து வீடமைப்புப் பகுதி ஆக்கினப்போ டிரெசரும் போனார், நம்மளைத் தெரிஞ்ச ஆளும் போனார்.

இந்தப் புது டாக்டர்களை மட்டும் ஏன் நிலைக்க விடமாட்டேங்கிறாங்க? 2016 டிசம்பரிலிருந்து அரசாங்கத்தில் சேர்ற டாக்டருக்கெல்லாம் கான்ட்ராக்ட்தான். 2021 மே வரைக்கும் கணக்குப் பார்த்தா 23,077 பேரில் நிரந்தரம் ஆனது 789 பேர். கோவிட் உச்சத்தில் இருந்தப்போ, அந்த வருஷம் ஜூலை 26-ஆம் தேதி, கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வெளியே வந்து நின்னாங்களே, சுங்கை பூலோவில்கூட, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நிரந்தரம் பண்றாங்கதான். ஆனா நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாத பிள்ளை ஸ்பெஷலிஸ்ட் படிப்பை எந்த நம்பிக்கையில் தொடங்கும்? வீட்டு லோனுக்கு எந்த பேங்க்கில் போய் நிற்கும்?

மிஸ்ஸிங்க கதை இன்னும் மோசம். ஆள் பத்தலைன்னா வேற நாட்டில் என்ன பண்ணுவாங்க, ஆள் எடுப்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு வந்த யோசனை வேற. ஷிஃப்ட் வேலை பார்க்கிற தாதியருக்கு வாரம் 42 மணி நேரத்தை 45 ஆக்கிடலாம்னு 2024-ல் கிளம்பினாங்க. தாதியர் சங்கம் கத்தினதும் தள்ளிப் போட்டாங்க. இருக்கிறவங்களையே இன்னும் கொஞ்சம் பிழிஞ்சா ஆள் பற்றாக்குறை தீர்ந்திருமா? என்ன மூளையோ!

அதே 2024 பிப்ரவரியில் பக்கத்து சிங்கப்பூர் என்ன சொன்னது தெரியுமா? பொது மருத்துவமனையில் நிலைச்சு வேலை செய்ற தாதிக்கு இருபது வருஷத்தில் ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் வரைக்கும் ஊக்கத்தொகை. வெளிநாட்டுத் தாதிக்கும் உண்டு. நம்ம வெள்ளிக்கு மாத்திப் பாருங்க, தலை சுத்தும். நாற்று விடறது நாம, அறுவடை அடுத்தவன் வயலில். தஞ்சோங் காராங் விவசாயி யாராவது இப்படி ஒரு போகம் செய்வாரா?

இங்கே படிச்சிட்டு அங்கே போனவங்களைத் திட்டவும் மனசு வரலை. எதிர்வீட்டுப் பொண்ணு எஸ்பிஎம் முடிச்சிட்டு நர்சிங் போகணும்னு நிக்குது. அதோட அம்மா போன வாரம் என்கிட்ட வந்து, "அக்கா, அரசாங்க காலேஜில் சேர்த்தா பாண்ட் இருக்காமே, எத்தனை வருஷத்தில் விடுவாங்க?"ன்னு கேட்குது. பிள்ளை இன்னும் ஃபாரம்கூட நிரப்பலை, அதுக்குள்ள வெளியே வர்ற வழியைத் தேடுறாங்க. இங்கேயே இருந்து சேவை செய்யட்டும்மான்னு ஒரு வார்த்தை சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு, பாண்ட் எத்தனை வருஷம்னு விசாரிச்சுச் சொல்றேன்னு அனுப்பி வச்சேன்.