அமானிதம் இடம் மாறும்போது



ஊவா மலைப்பகுதியில் வாழும் நமக்கு மண்சரிவு எச்சரிக்கை புதிதல்ல. 'வெளியேறுங்கள்' என்று அறிவித்ததும் குடும்பத் தலைவியின் கை முதலில் எங்கே போகிறது? காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருக்கும் பையை நோக்கித்தான். வீட்டைத் திரும்பக் கட்டலாம். அந்தப் பை போனால் கந்தோர் கந்தோராக அலைய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்று அந்தப் பையில் இருந்தவற்றில் ஒரு பெரும் பங்கு கணனிக்குள் குடியேறிவிட்டது. ஆசிரியையாகவும் எழுதுவினைஞராகவும் வேலை செய்யும் நம் பெண்களின் கடிதங்கள், புள்ளிப் பட்டியல்கள், கணக்குகள் எல்லாம் 'சேர்வர்' எனப்படும் பொதுக் கணனியில் இருக்கின்றன. அதில் ஒவ்வொருவருக்கும் பெயரில் ஒரு கணக்கு உண்டு. பொருட்களை வைத்துக்கொள்ள ஒரு தனி இடமும் உண்டு. கணனித் துறையினர் அந்த இடத்தை 'ஹோம்', அதாவது வீடு என்றே சொல்கிறார்கள். சேர்வர் பழையதாகும்போது இந்த வீடுகள் அனைத்தையும் புதிய சேர்வருக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்பவரின் கையில் இருப்பது வெறும் கோப்புகள் அல்ல, பிறருடைய அமானிதம்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடமே ஒப்படைக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். உயிருக்கே ஆபத்தான நேரம். அப்படியிருந்தும், தம்மிடம் மக்கள் வைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அலி (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் தங்கி, அந்தக் கடமையை முடித்த பின்னரே மதீனா புறப்பட்டார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. இடம் மாறுகிறோம் என்பது பொறுப்புத் தவறுவதற்குச் சாட்டு ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

'உரியவர்களிடமே' என்ற சொல்லைக் கவனியுங்கள். சேர்வர் மாற்றத்தில் பலர் இடறுவது இங்கேதான். லினக்ஸ் போன்ற முறைகளில் கோப்பின் மீது சொந்தக்காரரின் பெயர் பதியப்படுவதில்லை. ஓர் இலக்கமே பதியப்படும். பழைய சேர்வரில் 1001 என்பது பாத்திமாவின் இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். புதிய சேர்வரில் கணக்குகளைத் திறக்கும்போது முதலில் ஆயிஷாவைப் பதிந்தால் 1001 ஆயிஷாவுக்குப் போய்விடலாம். இதைப் பார்க்காமல் கோப்புகளை இலக்கப்படியே கொண்டுவந்து வைத்தால், பாத்திமாவின் கோப்புகள் ஆயிஷாவின் உடைமையாகிவிடும். ஒரு கோப்பும் தொலையவில்லை. ஆனாலும் அமானிதம் வேறொருவர் வீட்டில் இறங்கிவிட்டது!

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. முறையாக அமைத்த சேர்வரில் அது திரும்ப வாசிக்க முடியாதபடி உருமாற்றப்பட்டே வைக்கப்படுகிறது. அந்த உருவிலேயே புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லலாம். இயலாவிட்டால் புதிதாக ஒன்றை அமைத்துக் கொள்ளச் சொல்லலாம். ஆகவே 'சேர்வர் மாற்றுகிறோம், உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்' என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம் என்ற அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தின் ஒழுக்கம் இந்த வீடுகளுக்கும் பொருந்தும். சாமான் தூக்கி வருபவர் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?

மாற்றத்தில் கவனக்குறைவு எவ்வளவு இழப்பைத் தரும் என்பதற்கு அமெரிக்காவின் மைஸ்பேஸ் ஓர் உதாரணம். சேர்வர் மாற்றும் பணியில், மக்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்றி வைத்திருந்த படங்களும் ஒலி, ஒளிப்பதிவுகளும் அழிந்துவிட்டன என்பது 2019 மார்ச்சில் பரவலாக வெளியே தெரிந்தது.

மாற்றாமல் தள்ளிப் போடுவதும் குற்றமே. இதற்கு நம் நாடே சாட்சி. 2023 ஓகஸ்ட் 26இல் அரசாங்க மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் இணையத் தாக்குதலுக்கு இலக்கானது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். அதற்கான பராமரிப்பை அந்நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2021 முதலே புதியதற்கு மாறத் திட்டம் இருந்தும், நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் தாமதமானதாகத் தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் தெரிவித்தது. சேர்வரோடு இணைந்திருந்த பிரதிகளையும் தாக்குதல் விட்டு வைக்கவில்லை. தனியே எடுத்து வைத்த அண்மைக்காலப் பிரதியும் இருக்கவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயின. அவற்றுள் எத்தனை ஏழைகளின் விண்ணப்பங்கள் இருந்தனவோ, அல்லாஹ்வே அறிவான்.

அப்படியானால் ஒழுங்கான முறை எது? உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆன் பிரதிகள் எழுதப்பட்டபோது, ஹப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகள் இரவலாகப் பெறப்பட்டன. மனனம் செய்தவரும் வஹீ எழுதியவருமான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுடன் மேலும் மூவர் சேர்ந்து அப்பணியைச் செய்தார்கள். பணி முடிந்ததும் மூல ஏடுகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பப்பட்டன. தகுதியானவர் கையில் வேலை, ஒருவருக்கு மேற்பட்ட கண்கள், மூலத்துக்குச் சேதமின்மை: இந்த மூன்றும் இன்றைய வேலைக்கும் போதும்.

சேர்வரை மாற்றுபவர் முதலில் பிரதி எடுத்து அதை வேறோரிடத்தில் வைக்க வேண்டும். யாருக்கு எந்த இலக்கம் என்பதைப் பட்டியலிட வேண்டும். எல்லோரையும் சிறிது நேரம் வேலையை நிறுத்தச் சொல்லி, கடைசியாக எழுதியவற்றையும் கொண்டு வர வேண்டும். பின்னர் எண்ணி ஒப்பிட வேண்டும். சொந்தக்காரர் புதிய இடத்தில் தம் கோப்புகளைத் திறந்து, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லும் வரை பழையதை அழிக்கக் கூடாது. அவர் சொன்ன பிறகுதான் மாற்றம் முடிந்தது.

சகோதரிகளே, சேர்வர் நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். பழைய தொலைபேசியிலிருந்து புதியதற்கு மாறும்போது நீங்களும் இதே வேலையைத்தான் செய்கிறீர்கள். வெளிநாட்டிலிருக்கும் கணவரின் குரல், மௌத்தான உம்மாவின் படம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைக் கடைக்காரரிடம் கொடுத்து மாற்றச் சொல்வதைவிட, மகளோ மகனோ வீட்டிலேயே உட்கார்ந்து மாற்றட்டும். நம் பெண்களின் படங்கள் அந்நியர் கண்ணில் படாது. புதியதில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரு மாதமாவது பழையதை விற்காமல் வையுங்கள். விற்கும்போது முழுமையாக அழித்துக் கொடுங்கள். கந்தோரில் வேலை செய்பவர்கள், 'நம் கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கிறதா? அதிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?' என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நம் கையில் ஒப்படைக்கப்பட்டவற்றைக் குறைவின்றி உரியவர்களிடம் சேர்ப்பிக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.