காம்பவுண்ட் போட்டா போயிடும்!

“காம்பவுண்ட் போட்டா போயிடும் சார்!”

கீரனூர் பக்கம் திருச்சி – புதுக்கோட்டை சாலையில் காரை எங்காவது உரசிவிட்டுப் பட்டறைக்குப் போனவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க வாய்ப்பில்லை. கீரனூரில் மட்டுமா? டிங்கரிங் பட்டறை இருக்கும் ஊரில் எல்லாம் இதுதான் தாரக மந்திரம். சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டி கண்ணாடி மாதிரி இருக்கும். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கக் கோழி கிளறிய மாதிரி கோடுகள்! திரும்பக் கொண்டுபோனால்? மறுபடியும் அதே மந்திரம், அதே காம்பவுண்ட்.

இந்த மந்திரம் பாதி உண்மை. மீதிப் பாதிதான் வண்டியைக் கெடுக்கிறது.

உப்புத்தாள் கோடு என்பது ஒரு வியாதி அல்ல, இரண்டு வியாதி. முதலாவது, மேலே அடித்த கிளியர் கோட்டின் முதுகில் விழும் கோடு. குவாரி லாரிகள் ஓடும் புழுதி ரோட்டோரம், கீற்றுக்கொட்டகையில், ஸ்ப்ரே பூத் இல்லாமல் பெயிண்ட் அடித்தால் தூசி ஒட்டத்தான் செய்யும். அந்தத் தூசியை எடுக்க வாட்டர் பேப்பர் போடுகிறார்கள். 1500, பிறகு 2000, பிறகு 3000, அதற்கப்புறம்தான் காம்பவுண்ட். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கோட்டை முழுசாக அழித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தேய்க்கும் திசையை மாற்றினால் பழைய கோடு மிச்சம் இருப்பது குறுக்கே தெரிந்துவிடும். இதில் ரகசியம் எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். 1500-லிருந்து நேராகக் காம்பவுண்டுக்குத் தாவினால் கோடு நிற்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடு ‘போவது’ கிடையாது. பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிவரை இறக்குகிறார்கள், அவ்வளவுதான். கம்பெனியில் அடித்து வரும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான். ஆக, முடியைவிட மெல்லிய ஒரு தோலின் மேல்தான் இத்தனை ஆட்டமும்! பாடி லைன்களிலும் ஓரங்களிலும் அது இன்னும் மெலிசு. அங்கே கம்பளி பேடை அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் கிளியர் போய்விடும்.

ஒற்றை அடுக்கு பெயிண்ட் அடித்த பழைய அம்பாசிடர்களில் பளபளப்புக் குறைந்தால் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பார்கள், துணியில் பெயிண்டின் நிறமே ஒட்டும், அடியிலிருந்து புது நிறம் வரும். கிளியர் கோட் வண்டிக்கு அந்த வித்தை ஆகாது. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

இரண்டாவது வியாதிதான் பெரியது. கோடு கிளியருக்கு மேலே இல்லை, அடியில் இருக்கிறது. பட்டியை 80 நம்பரில் தேய்த்துவிட்டு, 180, 320 என்று படிப்படியாக இறங்காமல் பிரைமரை அடித்து, அது காய்வதற்குள் மேல் கோட்டைத் தடிமனாக ஏற்றிவிடுவார்கள். தின்னர் உள்ளே ஊறி அந்தக் கோடுகளை உப்ப வைக்கும். டெலிவரி அன்று எல்லாம் சமமாகத்தான் தெரியும். நாள் செல்லச் செல்ல தின்னர் பறந்து, பெயிண்ட் சுருங்கி, பள்ளத்துக்குள் அமுங்கும். அப்போது கோடு ‘முளைக்கும்’. இதற்குக் காம்பவுண்ட் போடுவது, சட்டைக்குள் இருக்கும் கறையைப் போக்கச் சட்டைக்கு மேலே சோப்புப் போடுகிற மாதிரி! எத்தனை தரம் தேய்த்தாலும் கழிவது நல்ல கிளியர்தான். பெயிண்டைத் தேய்த்து இறக்கி மறுபடி அடிப்பதுதான் ஒரே வழி.

ஆனாலும் காம்பவுண்ட் போட்ட அன்று கோடு மறைகிறதே என்பார்கள். மறையும். பல பாலிஷ்களிலும் வாக்ஸ்களிலும் எண்ணெயும் பூசி நிரப்பும் சரக்கும் இருக்கின்றன. அவை பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், நாலு வாட்டர் வாஷில் கழுவிப்போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு ஒரு துடை துடைத்தால் அப்போதே வேஷம் கலைந்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, குற்றவாளி பெயிண்டர் மட்டும்தானா? “அண்ணே, வெள்ளிக்கிழமை மச்சினன் கல்யாணம், வியாழக்கிழமை வண்டி வேணும்” என்று நிற்பவர் யார்? பிரைமர் காய ஒரு நாள் கூடுதலாகக் கேட்டால் அடுத்த பட்டறைக்கு ஓடுபவர் யார்? கேட்கிற கூலியில் பாதியைப் பேரம் பேசிவிட்டு, தேய்ப்பதில் மட்டும் பாதி குறையக்கூடாது என்றால் எப்படி? அவசரத்தை விலை கொடுத்து வாங்குகிறவருக்குக் கோடு இலவச இணைப்பு!

அந்த அவசரத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. அதைக் கார்க்காரர் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 3எம் கம்பெனி 1921-ல் வாட்டர் பேப்பரைக் கொண்டுவந்தபோது அதன் பெரிய லாபமே தண்ணீரில் தேய்க்கலாம், தூசி பறக்காது என்பதுதான். நூறு வருஷம் கழித்தும், நேரம் மிச்சம் என்று பட்டியை உலர்வாகத் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிக்கும் பையன்கள் இருக்கிறார்கள். கிளியரில் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சரக்கு என்பது மருத்துவ உலகம் எப்போதோ சொல்லிவிட்ட விஷயம். அதற்கு வெளிக்காற்று தரும் மாஸ்க் வேண்டும். முகத்தில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது. இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடிக்கச் சொல்கிறவர் அந்த நுரையீரலையும் சேர்த்துத்தான் பேரம் பேசுகிறார்.

இதே மாவட்டத்தின் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் குகைக்குப் போய்ப் பாருங்கள். தமிழ் பிராமி எழுத்தோடு சமணர் படுக்கைகள் இன்றும் வழவழப்பாகக் கிடக்கின்றன. அந்தக் கல்லுக்கு யாரும் வாக்ஸ் பூசி டெலிவரி கொடுக்கவில்லை.

ஆகவே, காரை விடும்போது “எப்ப கிடைக்கும்?” என்று கேட்பதற்கு முன்னால் “எந்த நம்பர் பேப்பர் வரைக்கும் போவீங்க, பிரைமர் எத்தனை நேரம் காயும்?” என்று கேளுங்கள். வண்டியைப் பகல் வெயிலில் நிறுத்திப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கேட்கும் பெயிண்டரிடம் கோபப்படாதீர்கள். ஊரில் உங்களை ஏமாற்றாத ஒரே ஆள் அவராக இருக்கலாம்.