அந்தமான் உப்பங்கழிகளில் படகு உலா

மலையும் அடர்ந்த காடும் பெருமழையும் உள்ள இடத்தில் நுரை பொங்கும் ஆறும் இருக்கும் என்று எண்ணுவது இயல்பே. அந்தமான் தீவுகளுக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளுட் சிலர் அவ்வாறு எண்ணிக்கொண்டே வருகின்றனர். ஒரு பள்ளி மாணவர் குழுவோடு மின்னி பேயின் கரையில் நான் நின்றிருந்தபொழுது, மேல்வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, ரிஷிகேசத்தில் ரப்பர்த் தெப்பத்தில் ஏறிப் பாறைகளுக்கிடையே பாய்ந்து செல்கிறார்களே, அந்த விளையாட்டை இங்கே ஏன் ஏற்படுத்தவில்லை?" என்று கேட்டான். உடன் வந்த ஆசிரியர் அவனை அடக்கப் பார்த்தார். அடக்கியிருக்க வேண்டுவதில்லை. அக்கேள்விக்கு முறையாக விடை கூறப் புகுந்தால், இத்தீவுகளின் பூகோளத்தில் பாதியைக் கூறியாக வேண்டும்.

ராப்டிங் எனப்படும் அவ்விளையாட்டுக்கு மூன்று பொருள்கள் வேண்டும். பாறைப் படுகை வேண்டும். போதிய சரிவு வேண்டும். இவ்விரண்டையும்விட முக்கியமாக, நாட்கணக்கில் குறையாது ஓடும் மிகுந்த நீர் வேண்டும். ரிஷிகேசத்திற்கு மேலே கங்கைக்கு இமயத்தின் பனியும் மழையும் நீர் தருகின்றன. கர்நாடகத்தில் தாண்டேலியருகே காளி ஆற்றில் இவ்விளையாட்டு நடைபெறுவது, மேலேயுள்ள சூபா அணையிலிருந்து மின்சார உற்பத்திக்காகத் திறந்துவிடப்படும் நீரைக் கொண்டேயாகும். அணை மூடியிருக்கும் வேளையில் தெப்பங்கள் கரையிலேயே கிடக்கும். குடகில் மழைக்காடுகளுக்கிடையே ஓடும் பாரபோளே ஆறு தென்மேற்குப் பருவமழையின்போது மட்டுமே தெப்பம் தாங்கும்.

அந்தமானில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது; இது சென்னை பெறுவதைப்போல் இரு மடங்கு. ஆனால் பெய்த நீர் தங்குவதற்கும் ஓடுவதற்கும் இடம் எங்கே? தீவுகள் ஒடுங்கியவை. முகட்டில் பிறக்கும் ஓடை சில கிலோமீட்டருக்குள் கடலை அடைந்துவிடுகிறது. ஆறு என்று சொல்லத்தக்கது, வட அந்தமானில் 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரத் தொடரில் தோன்றித் திக்லிப்பூர்ப் பக்கம் செல்லும் கல்போங் ஒன்றுதான். 2001-இல் அதன்மீது அமைந்த நீர்மின் நிலையத்தின் திறன் 5.25 மெகாவாட், ஆற்றின் அளவை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரம் குடிநீருக்குத் தனிக்காரி அணையை நம்பியிருக்கிறது. இத்தனை மழை பெய்யும் ஊரில் கோடையில் குடிநீரை முறைவைத்து விட வேண்டியிருக்கிறது என்பதை வெளியூர் ஆசிரியர்கள் எளிதில் நம்புவதில்லை. மேலும், உல்லாசப் பிரயாணிகள் திரளாக வருவது மழை நின்ற பின், ஏப்ரல் வரையுள்ள மாதங்களில்; ஓடைகள் வற்றுவதும் அம்மாதங்களிலேதான். மழைக்காலத்திலோ அதே ஓடைகள் சேற்றையும் விழுந்த மரங்களையும் புரட்டிக்கொண்டு திடீரெனப் பெருகித் திடீரென வடிகின்றன. அவற்றில் தெப்பம் விடுபவன் விளையாடுபவனல்லன்.

ஆகவே நுரையாறு இங்கே இல்லை. இருப்பது உப்பங்கழி. அது மலையிலிருந்து இறங்குவதன்று, கடலிலிருந்து ஏறுவது. நாளுக்கு இருமுறை உள்ளே பாய்ந்து இருமுறை வெளியேறும் அந்நீருக்குச் சரிவு தேவையில்லை. சந்திரனும் சூரியனும் போதும். இத்தீவுகளில் காட்டைப் படகிலிருந்து காட்ட விரும்புவோர் கடலேற்ற நேரத்தைக் கணக்கிட்டு, மெல்லச் செல்லும் படகில், கழியின் வழியே காட்ட வேண்டும் என்பதும், வேகத்தை இங்கே ஒரு கவர்ச்சியாக விற்பது தவறு என்பதும் என் அபிப்பிராயம்.

இன்று நடைபெறுவதைப் பார்ப்போம். பாராட்டாங் தீவின் நிலம்பூர்ப் படகுத்துறையிலிருந்து நயாதேரா என்னுமிடத்தின் சுண்ணாம்புக்கல் குகைகளுக்குச் செல்லும் வழி, இந்நாட்டின் சிறந்த இயற்கைக் காட்சிகளுள் ஒன்று. இருபுறமும் அலையாத்திக் காடு கவிந்து, கழி குறுகிக் குறுகிப் பசிய குகைபோல் ஆகிறது. அவ்வழியை விசைப்படகுகள் சில நிமிஷங்களில் கடந்துவிடுகின்றன. பிரயாணிகள் கண்களை இடுக்கிக்கொண்டு, தொப்பியைப் பிடித்துக்கொண்டு குகையை அடைகின்றனர். குகையைக் கண்டேன் என்பர்; காட்டைக் கண்டேன் என்று சொல்வோர் சிலரே.

இழப்பு பிரயாணிக்கு மட்டுமாயின் அதைப்பற்றி எழுத வேண்டுவதில்லை. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, முற்றியபின் நீரில் விழுகிறது. சில நேரான சேற்றில் ஊன்றிக்கொள்ளும். பல மிதந்து சென்று, அமைதியான சேற்றுத் திட்டை அடைந்தபின் வேர்விடும். வேர் பிடிக்கும்வரை அதற்கு வேண்டுவது அசைவற்ற சேறு. விசைப்படகின் பின்னே எழும் அலை கரையில் மோதும்போது அச்சேறு கரைகிறது; இளங்கன்று சாய்கிறது; நாளடைவில் முதிர்ந்த மரத்தின் தாங்கு வேர்களுக்கடியிலும் மண் அரிக்கப்படுகிறது. கலங்கிய மண் மிதந்து போய் மீன்குஞ்சுகள் ஒதுங்கும் இடங்களில் படிகிறது. ஒரு படகின் அலை ஒன்றும் செய்யாது. நாள்தோறும் பல படகுகள், ஒரே குறுகிய வழியில், போகவும் வரவும் எழுப்பும் அலை வேறு. இத்தீவுகளில் அலையாத்திக் காடு சுமார் 600 சதுர கிலோமீட்டர் இருப்பதால் ஒரு கழியின் கரையைப் பற்றி ஏன் கவலை என்று கேட்பவருண்டு. பிரயாணிகள் செல்வதும் ஆசிரியர்கள் பாடம் நடத்துவதும் அந்த ஒரு கழியிலேயாயிற்றே!

படகோட்டியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பருவம் குறுகியது. எத்தனை நடை போகிறாரோ அத்தனைக்கே வருமானம். மெல்லப் போகச் சொல்லும் நாம் அதனால் குறையும் கூலியைப் பற்றிப் பேசாமல் இருப்பது நியாயமன்று. குறுகிய பகுதியில் மட்டும் விசையைத் தணித்து, அந்நேரத்தில் மரங்களையும் பறவைகளையும் காட்டிச் சொல்லும் படகோட்டிக்கு வழிகாட்டியின் ஊதியமும் சேர்த்து அளிப்பதே முறை. சிதம்பரத்தையடுத்த பிச்சாவரத்தில் விசைப்படகும் துடுப்புப் படகும் இரண்டும் உண்டு. குறுகிய கால்வாய்களுக்குள் நுழைவது துடுப்புப் படகே. அங்கே சென்று வந்தவர்கள் நினைவில் வைத்திருப்பதும் அக்கால்வாய்களைத்தான். பிச்சாவரத்தில் இயலுவது பாராட்டாங்கில் இயலாது என்று யாரும் எனக்கு இதுவரை விளக்கவில்லை.

ஆனால் பிச்சாவரத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றுண்டு. அந்தமான் கழிகளில் உவர்நீர் முதலை வாழ்கிறது. ராப்டிங் விளையாட்டில் நீரில் விழுவது விளையாட்டின் ஒரு பகுதி. இங்கே நீரில் விழக்கூடாது. முதலை கழியோடு நிற்பதுமில்லை. கடலிலும் நீந்தித் தீவு விட்டுத் தீவு செல்லும். 2010-இல், இப்பொழுது ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்கில், கடலில் மூழ்கி நீந்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பிரயாணி ஒருவர் முதலையால் கொல்லப்பட்டார். இதைச் சொல்வது அச்சமூட்டுவதற்கன்று. முதலை இக்காட்டின் உரிமையாளருள் ஒன்று; அதன் வழியில் மனிதரை மிதக்கவிட்டு, பின்னர் விபத்து நேர்ந்தபின் முதலையைப் பிடித்து அப்புறப்படுத்துவது எவ்வகை இயற்கை உலா? ஒருவர் அமர்ந்து செல்லும் சிறு துடுப்புப் படகுகளை இப்பொழுது சில இடங்களில் வாடகைக்கு விடுகின்றனர். வனத்துறையினரின் எச்சரிக்கைப் பலகை உள்ள கழிகளில் மாணவரை அவற்றில் ஏற்றக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாராட்டாங் உலாவுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. அது கழியிலல்ல, கழிக்குச் செல்லும் சாலையில். அந்தமான் நெடுஞ்சாலை ஜிர்க்காடாங் சாவடிக்கு அப்பால் ஜராவா மக்களின் ஒதுக்கீட்டுக் காட்டினூடே செல்கிறது. பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் 1956-இலேயே ஏற்பட்டது. ஒதுக்கீட்டினூடே செல்லும் பகுதியை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் வண்டிகள் அணிவகுத்துச் சென்றுகொண்டே இருந்தன. 2012-இல் பிரயாணிகள் முன் ஜராவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட படம் வெளிவந்து உலகெங்கும் நமக்குத் தலைகுனிவை ஏற்படுத்தியது. வெளியார் கொண்டுவரும் நோய்களை எதிர்க்கும் சக்தி அம்மக்களுக்குக் குறைவு. 1999-இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. பள்ளிப் பிள்ளைகள் அச்சாலையில் ஜன்னலுக்கு வெளியே எதைத் தேடிக்கொண்டு செல்கிறார்கள் என்பதை உடன் செல்லும் ஆசிரியர் அறிவார். 2017-இல் பாராட்டாங்குக்குக் கடல்வழிப் போக்குவரத்து தொடங்கப்பெற்றது. பள்ளிக் குழுக்கள் படகு கிடைக்கும் நாளில் அவ்வழியே செல்லட்டும். கிடைக்காவிடில் பாராட்டாங்கை விட்டுவிடட்டும். மழைக்காட்டைக் காண மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்காவிலிருந்து மதுபன் நோக்கி இறங்கும் நடைபாதை இருக்கிறது. கர்ஜன் மரங்களும் படாக் மரங்களும் அங்கும் வானளாவவே நிற்கின்றன.

கழியைக் காணவோ பாராட்டாங் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. மின்னி பே துறைமுகத்தின் உட்புறத்தில் ஒதுங்கிய சிறு விரிகுடா. அங்கிருந்து சிப்பிகாட் வரையுள்ள உட்கடற்கரையே ஒரு பாடப்புத்தகம். 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ச் சுற்றுப்புறம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டின் நெல் வயல்களில் கடல் புகுந்து தங்கிற்று. நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் பழைய அலையாத்தி மரங்கள் மூழ்கி மடிந்தன. வயலாக இருந்த இடத்தில் புதிய கன்றுகள் முளைத்தன. வட அந்தமானில் இதற்கு நேர்மாறாக நிலம் உயர்ந்து, நீர் எட்டாமல் அலையாத்தி காய்ந்தது. ஒரே நாளில், ஒரே காரணத்தால், ஒரே மரம் ஓரிடத்தில் நீர் மிகுந்தும் மற்றோரிடத்தில் நீர் இன்றியும் மடிந்ததை விளக்கும் ஆசிரியர், எத்தனை சிரத்தையில்லாத மாணவனையும் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க முடியும். நான் முன்பு சொன்ன மாணவன் தெப்பத்தை மறந்து, காய்ந்த மரங்களை எண்ணத் தொடங்கினான்.

இதற்கு வேண்டும் கருவி ஒன்றே: இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கடலேற்ற அட்டவணை. போர்ட் பிளேரில் 1880 முதல் கடல்மட்டம் அளக்கப்பட்டு வருகிறது. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே தோன்றிய ஆழிப்பேரலையையும் அந்த மானி பதிவு செய்தது. பேரேற்ற நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்கும். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த நாட்களுள் ஒன்றைத் தேர்ந்து, வற்றத்திற்கு ஒரு மணி முன்பாகக் கரைக்குச் செல்க. சேற்றில் இறங்காது சாலையோரத்திலேயே நிற்க வேண்டும். முதலையைப் பற்றிய எச்சரிக்கை இங்கும் பொருந்தும். ஒரு கம்பத்தையோ படகுத்துறைத் தூணையோ குறித்துக்கொண்டு, கால் மணிக்கொருமுறை நீர்மட்டத்தை மாணவர் எழுதிவரட்டும். நீர் திரும்பும் கணத்தை யார் முதலிற் கண்டது என்பதில் அவர்களுக்குள் சச்சரவு எழும். அதனை ஆசிரியர் தீர்த்துவைக்க வேண்டாம். அட்டவணையைக் காட்டினால் போதும்.