மரத்துக்கு விலை உண்டு, மண்ணுக்கு?

கேஎல்ஐஏ விமான நிலையம் கட்டப்பட்ட காலத்தில், அதற்கான நெடுஞ்சாலைக்காகச் சிலாங்கூர், டிங்கில் அருகே உள்ள புக்கிட் தம்போய் கிராமத்தில் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் ஓராங் அஸ்லி மக்களின் 18 பிரிவுகளில் ஒன்றான தெமுவான் மக்கள். 1995இல் அவர்கள் வெளியேற்றப்பட்டபோது பழ மரங்களுக்கும் பயிர்களுக்கும் வீடுகளுக்கும் இழப்பீடு கிடைத்தது. நிலத்துக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை.

அதே வட்டாரத்தில் புத்ராஜெயாவுக்காகத் தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களுக்கு இந்த வலி தெரியும். ஆனால், தோட்டம் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. தெமுவான் மக்களோ நிலப்பட்டா என்ற ஒன்று வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள்.

இதற்குக் காரணம் 1954ஆம் ஆண்டின் பூர்வகுடியினர் சட்டம். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அதன் 11ஆம் பிரிவு, பழ மரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. நிலத்தைப் பற்றிய 12ஆம் பிரிவோ, மாநில அரசாங்கம் இழப்பீடு 'கொடுக்கலாம்' என்று மட்டுமே சொல்கிறது. மரத்துக்குக் கட்டாயம், மண்ணுக்கு விருப்பம்! சட்டம் படிக்காத எனக்கே இது விசித்திரமாகப் படுகிறது.

தெமுவான் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதுதான் சாகோங் தாசி வழக்கு. 2002இல் உயர்நீதிமன்றம் அந்த நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போய், 'கொடுக்கலாம்' என்பதைப் 'போதுமான இழப்பீடு கொடுக்க வேண்டும்' என்றே படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2010இல் 65 லட்சம் ரிங்கிட்டுக்குச் சமரசம் ஏற்பட்டது. இடையில் ஓடியது 15 ஆண்டுகள்.

இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும் சிக்கல் தீராததற்கு ஒரு காரணம், அதிகாரம் இரண்டாகப் பிரிந்து கிடப்பது. ஓராங் அஸ்லி நலன் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமும் காடும் மாநிலத்தின் கையில். வெட்டுமரத்தால் வரும் வருமானமும் மாநிலத்துக்கே. கிளந்தான், குவா மூசாங்கில் தெமியார் மக்கள் வெட்டுமர லாரிகளுக்கு எதிராகத் தடுப்பு போட்டது நினைவிருக்கலாம். 2019இல் அவர்களுக்காக மத்திய அரசாங்கமே மாநில அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஓர் அரசாங்கம் இன்னோர் அரசாங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தால்தான் நடக்குமென்றால், வழக்கறிஞர் கிடைக்காத கிராமம் எங்கே போகும்?

இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது 12ஆம் பிரிவைத்தான்.