சுவரில் எழுதுங்கள்! சூடம் கொளுத்தாதீர்கள்!

திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடிக்கு பஸ்ஸில் வருகிறவர் யாராயிருந்தாலும், வழியிலுள்ள சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். நம் ஜனங்களின் யோக்கியதை இன்னதென்று ஒருவரும் சொல்லாமலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு சுவரில் சினிமாக்காரர் படம். அடுத்த சுவரில் காதுகுத்தும் பூப்பு நீராட்டும். அதற்கடுத்த சுவரில், தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னதாகவே சுண்ணாம்படித்து இடம் பிடித்து வைத்த கட்சியின் பெயர். வயது முதிர்ந்து சவுக்கியமாய்ச் செத்தவருக்குக்கூட கண்ணீர் அஞ்சலி உண்டு. இவ்வளவுக்கும் இடமிருக்கிற நம் சுவர்களில், ஜாதியின் பேரால் கொல்லப்பட்ட மனிதனின் பெயரை எழுத மட்டும் ஒரு சாண் இடம் கிடைப்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு வாலிபரின் கேள்வியாகும். அவர் போர்டு எழுதுகிற தொழிலாளி. பிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்து போனவர். டீக்கடையில் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, அமெரிக்காவில போலீஸ்காரன் கொன்ன ஒருத்தருக்கு ஊர் ஊராச் சுவத்துல படம் வரைஞ்சாங்களே, அதே மாதிரி எங்க தெருவுல கீழ்வெண்மணியப் பத்தி வரையலாம்னு இருக்கோம். நீங்க சாமி படத்துக்கு மாலை போடறதே முட்டாள்தனம்னு பேசுறவராச்சே, இதுக்கு என்ன சொல்றீங்க?”

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

அமெரிக்காவில் நடந்ததென்ன?

2020-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பு மனிதரை ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் தரையில் குப்புறத் தள்ளி, கழுத்தின்மேல் முழங்காலை வைத்து, ஒன்பது நிமிஷத்துக்கு மேல் அழுத்திக் கொன்றார். தெருவில் நின்ற ஒரு பெண் அதைக் கைபேசியில் படம் பிடித்தாள். சில நாட்களுக்குள் சித்திரக்காரர்கள் அந்த இடத்துக் கடையின் பக்கச் சுவரிலேயே அவருடைய முகத்தை எழுதினார்கள். முகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சூரியகாந்திப் பூ. பூவுக்குள்ளே அவருக்கு முன்னால் கொல்லப்பட்ட மற்றக் கறுப்பு மக்களின் பெயர்கள். சிரியா நாட்டில் இட்லிப் பகுதியில், குண்டு விழுந்து இடிந்த வீட்டுச் சுவரில்கூட அதே முகத்தை வரைந்தார்கள். 2021-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி ஜூரிகள் அந்தப் போலீஸ்காரரைக் குற்றவாளியென்று சொன்னார்கள்.

சித்திரத்தைப் பார்த்துவிட்டு ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு சாட்சியம் இருந்தது. ஆனால் செத்தவன் ஏழை, கேட்க ஆளில்லாதவன், நாலு நாளில் ஊர் மறந்துவிடும் என்று எல்லா ஊர் அதிகாரிகளும் போடுகிற கணக்கை அந்தச் சுவர் பொய்யாக்கிற்று. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும். பேச மேடை வேண்டும். சுவருக்கு ஒரு வாளிச் சாயம் போதும். ஆகவே சுவர்தான் ஏழையின் பத்திரிகை.

ஆனால் இதிலே இன்னொரு பாடமும் இருக்கிறது. அதே வருஷம் ஜூன் 5-ந் தேதி வாஷிங்டனில், ஜனாதிபதி மாளிகைக்கு எதிரேயுள்ள தெருவில், கறுப்பு உயிருக்கும் மதிப்புண்டு என்ற வாசகத்தை நகர நிர்வாகமே ராட்சத மஞ்சள் எழுத்துக்களில் எழுதிற்று. 2025-ம் வருஷம் மார்ச்சு மாதம், காங்கிரஸ் சபையில் ரோட்டுப் பணத்தை நிறுத்துவதாக மிரட்டல் வந்ததும், எழுதிய நிர்வாகமே அதைப் பெயர்த்தெடுத்துவிட்டது. சர்க்கார் தயவில் எழுதியது சர்க்கார் தயவில்தான் நிற்கும்!

நம் நாட்டில் சுவரைப் பிடித்தவன் யார்?

நிற்க, அங்கே நிறம், இங்கே ஜாதி. இரண்டுக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, ஜாதி தெரிவதில்லை. பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, இதில் எவன் மேல்ஜாதி, எவன் கீழ்ஜாதி என்று கேட்டால் எந்தப் பண்டிதராலும் சொல்ல முடியாது. உடம்பில் இல்லாத ஒன்றை எங்கேயாவது எழுதி வைத்தால்தானே பிழைக்கும்? அதனால்தான் ஜாதி பிடித்தவன் தெருவுக்குப் பேர் வைக்கிறான். மின்சாரக் கம்பத்துக்கு ஜாதி வர்ணம் அடிக்கிறான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் மணிக்கட்டில் கலர்க் கயிறு கட்டுகிறான். 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், கூடப் படித்த பிள்ளைகள்! அதன்பின் சர்க்கார் நியமித்த ஜஸ்டிஸ் சந்துரு கமிட்டி, 2024-ம் வருஷம் ஜூன் மாதம், பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. ஆகவே, “சுவரில் எழுதி ஊரில் கலகம் மூட்டாதே” என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள், முதலில் எழுதியவன் யார் என்பதை யோசித்துப் பார்க்கட்டும்.

எழுதினது மட்டுமா? சுவரையே ஜாதியாகக் கட்டினார்கள். மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் 1989-ம் வருஷம் எழுப்பிய சுவர், தாழ்த்தப்பட்ட மக்களைப் பத்தொன்பது வருஷ காலம் மறித்து நின்றது. 2008-ம் வருஷம் மே 6-ந் தேதிதான் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பங்களாவின் உயரமான சுற்றுச்சுவர், 2019-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி விடியற்கால மழையில், கீழே இருந்த வீடுகளின்மேல் விழுந்து பதினேழு பேரைத் தூக்கத்திலேயே கொன்றது. அது தீண்டாமைச் சுவரென்று அங்குள்ள மக்கள் சொன்னார்கள். அந்தப் பதினேழு பெயர்களில் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? இராமனுடைய தகப்பன், பாட்டன் பேரெல்லாம் தெரிகிறதே!

சரி, படம் வரையலாமா?

இனி வாலிபரின் கேள்விக்கு வருவோம். இறந்தவனுக்கு அடையாளம் வைப்பது தமிழனுக்குப் புதிதல்ல. வைகைக் கரையில், ஆண்டிபட்டி தாலூக்கா புலிமான்கோம்பையில் 2006-ம் வருஷம் நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. அதில் ஒரு கல்லில், ஆநிரை கவர்ந்த சண்டையில் செத்தவனின் பெயரும், கூடலூர் என்ற ஊரும், சாவுக்குக் காரணமும் எழுதியிருக்கின்றன. வரம் தருவான், பிள்ளை கொடுப்பான் என்ற பேச்சே இல்லை. இதுதான் அறிவுள்ளவன் வைக்கும் அடையாளம்.

பிற்பாடு என்ன செய்தோம்? மதுரைவீரன் கதையைப் பாருங்கள். பொதுவாகச் சொல்லப்படுகிற கதைப்படி, அவன் சக்கிலியர் குடியில் வளர்ந்தவன். பாளையக்காரர் மகளைக் காதலித்து அழைத்துப் போனவன். கடைசியில் மதுரையில் ராஜாவின் உத்தரவுப்படி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதையைக் கேட்கிறவன், “அவனை வெட்டச் சொன்னவன் யார்? என்ன குற்றத்துக்காக?” என்றல்லவா கேட்க வேண்டும்? கேட்கவிடாமல் செய்ய ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். வெட்டப்பட்டவனைச் சாமியாக்கினார்கள், மீசை வைத்து, அரிவாள் கொடுத்து, கோபுர வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள். நாமும் கிடா வெட்டி, சாராயம் படைத்து, வெட்டச் சொன்னவனை அடியோடு மறந்து போனோம். கொன்றவனைக் கேள்வி கேட்பதற்குப் பதிலாகச் செத்தவனைக் கும்பிட வைத்த தந்திரம் இது!

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான். படம் குற்றமல்ல, படத்துக்கு முன்னால் புத்தியை அடகு வைப்பதுதான் குற்றம். கேள்வியைக் கிளப்புகிற படம் பிரசாரம். கேள்வியை அடக்குகிற படம் விக்கிரகம். கீழ்வெண்மணியைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அழகான தீ ஜுவாலையையும் அழுகிற தாயையும் மட்டும் வரைந்துவிட்டுப் போகாதீர்கள். 1968 டிசம்பர் 25 என்று தேதியைப் போடுங்கள். கூலி அதிகம் கேட்ட குற்றத்துக்காக, குடிசைக்குள் ஒளிந்த நாற்பத்துநாலு பேர், பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக, வைத்துக் கொளுத்தப்பட்டார்கள் என்று எழுதுங்கள். 1973-ல் சென்னை ஹைக்கோர்ட், கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதாரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களென்று நம்ப முடியவில்லை என்ற கருத்தைச் சொல்லி அவர்களை விடுதலை செய்ததையும் எழுதுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தாக எழுதுங்கள்.

அடுத்தபடியாக, எங்கே எழுதுவது? உங்கள் தெருவுக்குள் எழுதினால் அங்கே யாருக்குத் தெரியாது? அடி வாங்கியவனுக்கு அடியைப் பற்றிப் பாடம் எதற்கு? பஸ் நிற்கிற இடத்தில், பள்ளிக்கூடத்துப் பக்கத்தில், எல்லா ஜாதியாரும் நடக்கிற பொதுத் தெருவில் எழுத வேண்டும். இந்தத் தெருக்களில் நடப்பதற்கே 1924-ல் வைக்கத்தில் சிறை போக வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆகையால் சொந்தக்காரரிடமும் பேரூராட்சியிலும் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்து மூலம் வாங்கி, பொதுக்கூட்டம் போட்டுப் படித்துக் காட்டுங்கள். அதுவும் ஒரு பிரசாரந்தான்.

அழித்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். 2019-ம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையைப் பட்டப்பகலில் உடைத்தார்கள். மறுநாளே வேறு சிலை வைக்கப்பட்டது. ஆனால் நம் நாட்டில் எத்தனையோ ஊர்களில் அவர் சிலை கம்பிக் கூண்டுக்குள்தானே நிற்கிறது? சட்டம் எழுதியவர் கூண்டுக்குள், உடைக்கிறவன் வெளியில்! சுவருக்கு இந்தக் கூண்டு தேவையில்லை. அழித்தால் மறுபடியும் எழுதலாம். அழிக்காவிட்டாலும் மழையில் கரையட்டும். வருஷா வருஷம் டிசம்பரில் பிள்ளைகள் கையில் தூரிகையைக் கொடுத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற பிள்ளை ஏனென்று கேட்கும். கேட்டால் நீங்கள் சொல்லியாக வேண்டும். ஞாபகம் அப்படித்தான் வளரும்.

கடைசியாக ஒன்று. சாயம் அடித்தாகிவிட்டது, நியாயம் கிடைத்துவிட்டது என்று யாரும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. சென்னைப் பட்டணத்திலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளைக் குடியேற்றிய கண்ணகி நகரில், 2020-ல் வீட்டுச் சுவர்களில் வெகு அழகான சித்திரங்களை எழுதினார்கள். அழகு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிழைப்பை விட்டுத் தூரத்தில் கொண்டுபோய்த் தள்ளியதற்கு வர்ணம் பரிகாரமாகுமா? சர்க்கார் ரிக்கார்டுகளிலிருந்து “காலனி” என்ற வார்த்தையை எடுப்பதாக 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சட்டசபையில் சொன்னார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் பேரை எடுத்தால் போதுமா? தனிச் சுடுகாடு போக வேண்டாமா?

வாலிபத் தோழரே! தூரிகையை எடுங்கள். பெயரை எழுதுங்கள், தேதியை எழுதுங்கள், காரணத்தை எழுதுங்கள். அதன் முன்னால் எவனாவது சூடத்தைக் கொண்டுவந்தால் தட்டிவிட்டு, எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள்.